குளிர்காலைகளில் மக்கர் செய்யும் பழைய 407: பம்பை இறக்கும் முன்

கேள்வி சுருக்கமாக இது: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஓடும் பழைய டாடா 407. காப்பி, மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு மூன்று நடை சேலம் இறங்குகிறது. கார்த்திகை பிறந்ததிலிருந்து காலையில் 25, 30 வினாடி செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. வெள்ளைப் புகை வண்டியை மூடுகிறது. பிடித்த பிறகும் பத்து நிமிடம் கேபினே குலுங்குகிறது. மதியம் சேலத்தில் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட். டீசலை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்ப் போய்விட்டது, இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறியிலேயே பம்புக்குச் சாதகமான சாட்சி இருக்கிறது. இன்லைன் பம்பில் பிளஞ்சரும் (டீசலை அழுத்தும் தண்டு) பேரலும் (அது ஓடும் குழல்) தேய்ந்தால் அது முதலில் காட்டிக்கொடுப்பது சூட்டில். டீசல் சூடேறினால் நீர்த்துப்போகும். செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் தேய்ந்த பிளஞ்சரின் பக்கவாட்டில் கசிந்துவிடும். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலைத் திறக்கும் அழுத்தம் வராது. மலை ஏறி வந்து அரை மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் பிடிக்காமல், பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் பிடிக்கிற வண்டிதான் பிளஞ்சர் போன வண்டி. உங்களுடையது நேர்மாறு. சூட்டில் நன்றாக இருக்கிறது, குளிரில் திணறுகிறது. குளிரில் திணறுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: செல்ஃப் வேகம், டீசல் பாதையில் காற்று, நாசில், டேப்பெட் (வால்வு இடைவெளி), கம்ப்ரஷன் (காற்றை நசுக்கும் அழுத்தம்), டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்). பம்ப் இந்த வரிசையின் கடைசியில் நிற்கட்டும்.

குளிர் என்ன செய்கிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கும். பழைய 407-ல் வருவது 497 வகை இன்ஜின். 4 சிலிண்டர், 97 மி.மீ. போர், 100 மி.மீ. ஸ்ட்ரோக், 2956 சி.சி., டைரக்ட் இன்ஜெக்ஷன். இந்த மாதிரி இன்ஜின்களில் ஸ்டார்ட்டிங்குக்குச் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் பெரும்பாலும் கிடையாது. காற்றை ஏறத்தாழ 17-ல் ஒரு பங்காக நசுக்கும்போது வரும் சூடு மட்டும்தான் தீக்குச்சி. சேலத்தில் 30 டிகிரியில் உள்ளே போகும் காற்றும் ஏற்காட்டில் 12 டிகிரியில் போகும் காற்றும் தொடக்கத்தில் 18 டிகிரிதான் வித்தியாசம். நசுக்கி முடித்த இடத்தில் அது ஏறத்தாழ 40 டிகிரியாக வளர்ந்து நிற்கும். இதற்கு மேல் உயரம் வேறு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் பக்கம், ஏற்காடு ஊர் 1500 மீட்டருக்குச் சற்று மேல். காற்றழுத்தம் அங்கே சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆக, சேலத்தில் மறைந்து கிடக்கும் சின்னச் சின்னக் குறையெல்லாம் ஏற்காட்டுக் காலையில் ஒன்றாகச் சேர்ந்து வெளியே வருகிறது. வண்டியைச் சேலத்துக்குக் கொண்டுவந்து மதியம் காட்டினால் எந்த மெக்கானிக்குக்கும் எதுவும் தெரியாது. சோதனை முழுவதும் மேலே, இரவு முழுக்க நின்ற வண்டியில், முதல் ஸ்டார்ட்டில் நடக்க வேண்டும். ஒரு காலைக்கு ஒரு சோதனைதான் கிடைக்கும் என்பதால் பொறுமையும் வேண்டும்.

முதல் காலை எதையும் கழற்ற வேண்டாம். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருவர் சைலன்சர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். கையில் போனில் ஸ்டாப் வாட்ச் ஓடட்டும். செல்ஃப் அடிக்க ஆரம்பித்த எத்தனையாவது வினாடியில் புகை வருகிறது என்பதுதான் தேவை.

புகையே இல்லாமல் வெறுமனே சுற்றினால் டீசல் நாசிலுக்குப் போகவில்லை. இரண்டு மூன்று வினாடியிலேயே கண் எரியும் வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. முதல் 15 வினாடி ஒன்றுமில்லாமல், பிறகு புகை வந்து, பிறகு பிடித்தால் உங்களிடம் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்துவிட்டு இன்னும் போகவில்லையே என்று கலங்கக் கூடாது. சாவியைத் திருப்பியதும் பிடித்து, பத்து வினாடி ஓடி, அணைந்து, அதன் பிறகு நெடுநேரம் அடித்தால்தான் வருகிறது என்றால் அது அக்மார்க் காற்றுக் கோளாறு. கேலரியில் (பம்பினுள் டீசல் நிற்கும் அறை) மிச்சமிருந்த டீசலில் ஓடியிருக்கிறது, பின்னாலேயே காற்று வந்திருக்கிறது. புகை டீசல் நாற்றம் இல்லாமல் நீராவி போல வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் கதை வேறு: ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

செல்ஃப் விஷயத்தில் ஒன்று. ஒரு முறைக்கு 10, 15 வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். 30 வினாடி தொடர்ந்து அடித்தால் ஆர்மேச்சர் சூடேறி, பேட்டரி இறங்கி, மூன்றாவது முயற்சி முதல் முயற்சியைவிட மெதுவாகத்தான் சுற்றும். அடிக்கும்போது கிளட்சை மிதித்துக்கொள்ளுங்கள். குளிரில் கியர்பாக்ஸ் ஆயில் தேன் மாதிரி இருக்கும். அந்தச் சுமை செல்ஃப் மேல் ஏறாமல் இருக்கும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு அடியுங்கள். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பெரும்பாலான இன்லைன் பம்ப் கவர்னர்களில் அப்போதுதான் ஸ்டார்ட்டிங்குக்கான கூடுதல் டீசல் கிடைக்கும். பிடித்தவுடன் காலை எடுத்துவிட வேண்டும்.

பேட்டரியும் கேபிளும்

டீசல் இன்ஜின் பிடிக்க நிமிடத்துக்கு 100 சுற்றாவது வேண்டும். 150 கிடைத்தால் நிம்மதி. மெதுவாகச் சுற்றினால் நசுங்கும் காற்று ரிங் வழியே கசியவும், சூடு சிலிண்டர் சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடுகிறது. ஹார்ன் அடிக்கிறது, லைட் எரிகிறது, அதனால் பேட்டரி நல்லது என்ற கணக்கு செல்லாது.

சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையிலேயே 9.5-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாருங்கள். ஆறு செல்லும் 1.250-க்கு மேல், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு செல் மட்டும் தாழ்ந்து நின்றால் அந்த பேட்டரிக்கு வைத்தியம் இல்லை.

அதிகம் பேர் பார்க்காமல் விடுவது எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய வெற்று இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.8, 1 என்று காட்டினால் மின்சாரத்தின் ஒரு பகுதியை எர்த் பட்டியே தின்கிறது. பனியிலும் மழையிலும் நிற்கும் வண்டியில் சேசிஸ் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறுவது சகஜம். கழற்றி, உப்புத்தாள் போட்டு, புது ஸ்பிரிங் வாஷரோடு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் ஒரு மணி நேர வேலை. பாசிட்டிவ் பக்கம் இதே சோதனையில் 0.5-க்குள் வர வேண்டும்.

இன்ஜின் ஆயில் என்ன கிரேடு என்றும் கேளுங்கள். ஆயில் தின்கிற பழைய இன்ஜினுக்கு 20டபிள்யூ-50, சில இடங்களில் வெறும் 40 கிரேடு ஊற்றி ஓட்டுவது சமவெளியில் வழக்கம். அதே ஆயில் 12 டிகிரியில் செல்ஃபைப் பிடித்து இழுக்கும். மலையில் நிற்கும் வண்டிக்கு 15டபிள்யூ-40 போதும்.

காற்று எங்கிருந்து வருகிறது

இந்த இடத்தில்தான் பழைய வண்டிகளின் பாதி வியாதி இருக்கிறது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குக் கொடுக்கும் சிறிய பம்ப்தான் ஃபீட் பம்ப். டேங்கிலிருந்து அது வரைக்கும் உள்ள பாதை உறிஞ்சும் பாதை. அதில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். பைப் முழுக்கக் காய்ந்து சுத்தமாக இருக்கிறதே என்று ஏமாந்துபோவது அதனால்தான். பகலில் இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் காற்றை ஃபீட் பம்ப் சமாளித்துவிடும். இரவில் அதே ஓட்டை வழியே காற்று நுழைய, டீசல் மெதுவாக டேங்குக்கே இறங்கிவிடும்.

காசில்லாத சோதனை ஒன்று. காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன்பே ஃபீட் பம்பின் மேல் இருக்கும் ஹேண்ட் பிரைமரை (கையால் அடிக்கும் பிடி) திருகி விடுவித்து அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று அடியிலேயே கெட்டியாகி எதிர்த்து நின்றால் பாதை நிறைந்திருக்கிறது. பதினைந்து இருபது அடி காற்றில் குத்துவது போலத் தொளதொளவென்று போய், பிறகு கெட்டியானால் இரவில் டீசல் இறங்கியிருக்கிறது. கெட்டியான பிறகு செல்ஃப் அடித்தால் நல்லபடியாகப் பிடிக்கிறதா? அப்படியானால் பாதிக் குற்றவாளி கையில் சிக்கியாயிற்று. பிரைமரைத் திரும்பத் திருகி இறுக்க மறக்காதீர்கள். தளர்ந்த பிரைமரே காற்று இழுக்கும்.

மலையில் மட்டும் செய்ய முடிகிற சோதனையும் ஒன்று உண்டு. உங்கள் வண்டி இரவில் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது? மூக்கு மேடு பார்த்து நின்றால் டேங்க் இன்ஜினைவிடத் தாழ்ந்துவிடும், டீசல் இறங்குவது சுலபம். ஒரு வாரம் மூக்கு பள்ளம் பார்க்கும்படி நிறுத்திப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கோடு ரிவர்ஸ் கியரும் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கல் அண்டை கொடுக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆவது கண்கூடாக மாறினால் கோளாறு உறிஞ்சும் பாதையில்தான். மாறவே இல்லை என்றால் அந்தப் பாதையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க, ஃபீட் பம்ப் வாய்க்கு முன்னால் ஒரு அடி நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு ஓட்டுங்கள். ஐடிலில் ஊசிமுனை அளவுக் குமிழ் எப்போதாவது ஒன்று போனால் பரவாயில்லை. மணிமாலை கோத்தது போலத் தொடர்ந்து ஓடினால் டேங்க் பக்கம் காற்று இழுக்கிறது. இரவு அப்படியே விட்டுவிட்டு, காலையில் டார்ச் அடித்துக் குழாயைப் பாருங்கள். பாதி காலியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் அந்தக் குழாயைக் கழற்றிவிடுங்கள். சூட்டில் இறுகி அதுவே வெடிக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: டேங்கினுள் இறங்கும் உறிஞ்சு பைப்பின் தலை, ரப்பர் ஹோஸ் மடங்கும் இடங்கள், ஃபீட் பம்புக்கு அடியில் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தின் சீல், ஒவ்வொரு பேஞ்சோ போல்ட்டின் (உள்துளை வழியே டீசல் போகும் பைப் போல்ட்) இரண்டு வாஷர். வாஷரைத் திருப்பிப் போட்டு மறுபடி முறுக்குவதெல்லாம் வேண்டாம். முழு செட்டும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்; மொத்தமாகப் புதிதாக மாற்றுங்கள். பழைய நைட்ரைல் ரப்பர் சீல்களுக்கு இன்னொரு சங்கடம். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்கக் கிடைப்பது 10 பி.பி.எம். கந்தகம் உள்ள பி.எஸ்.-6 டீசல். பழைய டீசலில் ஊறி உப்பி நின்ற சீல்கள் இதில் சுருங்கி இறுகிவிடுவதுண்டு. மாற்றும்போது விட்டான் ரப்பர் சீல் கேட்டு வாங்குங்கள்.

ஃபீட் பம்பின் உள்ளே இரண்டு வால்வு உண்டு. அடியில் தூசி உட்கார்ந்தாலோ ஸ்பிரிங் களைத்தாலோ அவை டீசலைத் தாங்கிப் பிடிக்காது. அதேபோல் பம்ப் கேலரியிலிருந்து ரிட்டர்ன் போகும் இடத்தில் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வு. ரிட்டர்ன் பைப் ஒழுகுகிறது என்று அதை எடுத்துவிட்டுச் சாதாரண போல்ட் போட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன. அந்த வால்வுதான் கேலரியில் ஒரு பார், ஒன்றரைப் பார் அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது. அது இல்லையென்றால் ஐடிலும் தள்ளாடும், காலையில் கேலரியும் காலியாக இருக்கும்.

ஃபில்டர் மாற்றிக் காற்று எடுக்கும்போது ஒழுங்கு மாறக் கூடாது. முதலில் முதல் ஃபில்டரின் பிளீட் ஸ்க்ரூ, அடுத்து இரண்டாம் ஃபில்டர், கடைசியில் பம்ப் கேலரி. ஒவ்வொன்றிலும் நுரை நின்று தெளிந்த டீசல் வரும் வரை பிரைமர் அடித்து, ஒழுகும்போதே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் தென்பட்டால் வடித்துவிடுங்கள். பனிக்காலத்தில் பாதி டேங்கோடு இரவு நின்றால் உள்ளே நீர் வியர்க்கும். சேலத்தில் நிரப்பிக்கொண்டு மேலே போவது நல்ல பழக்கம்.

குளிரில் டீசல் உறைகிறது, கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஏற்காட்டுக் குளிர் லடாக் குளிர் அல்ல. இந்த பம்புக்கு மசகு டீசல்தான். மண்ணெண்ணெய் கலந்தால் நன்றாக இருக்கும் பிளஞ்சரும் தேயும்.

இதோடு ஒரு நிமிட வேலை ஒன்று: ஸ்டாப் கேபிள். டேஷ்போர்டில் இழுத்து அணைக்கும் கம்பி உறைக்குள் துருப்பிடித்து, விட்ட பிறகும் பம்பில் உள்ள ஸ்டாப் லீவர் முழுதாகத் திரும்பாமல் கால்வாசி நின்றுவிடும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் (பம்பினுள் நகரும் தண்டு) முழுதாகத் திறக்காது. ஸ்டார்ட்டிங்குக்கான கூடுதல் டீசல் கிடைக்காது. சூட்டில் அந்தக் குறைந்த டீசலே போதும் என்பதால் பகலில் தெரியாது. காலையில் பானட்டைத் திறந்து லீவரைக் கையால் ஓடும் பக்கம் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் கேபிளை மாற்றுங்கள்.

எரியாத சிலிண்டர் எது

பிடித்த பிறகு பத்து நிமிடம் குலுங்குவது, வெள்ளைப் புகை விடாமல் வருவது இரண்டும் சேர்ந்தால், ஒன்றோ இரண்டோ சிலிண்டர் சூடேறும் வரை எரியவில்லை என்று அர்த்தம். எது என்று காண்பது எளிது. ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்துக்குள் எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் நான்கு கிளையிலும், ஹெட்டை ஒட்டிய இடத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்றில் சுர்ரென்று காய்ந்து, ஒன்றில் சொட்டு அப்படியே வழிந்தால் அந்த சிலிண்டர்தான். கையில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வித்தியாசம் 30, 40 டிகிரியில் தெளிவாகத் தெரியும்.

உறுதிப்படுத்த, ஐடிலில் ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் அரைச் சுற்று தளர்த்திப் பார்க்கலாம். பெரும்பாலும் 17-ம் நம்பர் ஸ்பேனர் பொருந்தும். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் சட்டென்று தாழும். எரியாத சிலிண்டரைத் தளர்த்தினால் எதுவும் மாறாது. துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் ஊசி குத்தியது போல்தான் இருக்கும். சில மணி நேரத்தில் கையே அழுகும் நிலைக்குப் போகலாம். அப்படி ஏதும் நடந்தால் வலி இல்லையே என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2-ம் சிலிண்டர் எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2-ல் உள்ள இன்ஜெக்டரை (நாசில் பொருந்திய கூடு) கழற்றி 4-ல் போடுங்கள், 4-ல் உள்ளதை 2-ல் போடுங்கள். அடியில் புதுக் காப்பர் வாஷர் கட்டாயம். பழையது ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் இன்னொன்று விழுந்தால் நாசில் உயரம் மாறி எரிப்பே கெடும். அடுத்த காலை குறை 4-க்கு நகர்ந்துவிட்டால் நாசில்தான். 2-லேயே நின்றால் நாசில் நிரபராதி. டேப்பெட், கம்ப்ரஷன், அல்லது பம்பில் அந்த லைனுக்கு டீசலை விடும் டெலிவரி வால்வு.

நாசிலைச் சோதிக்கக் கொடுக்கும்போது பிரஷர் எத்தனை என்று மட்டும் கேட்டு வராதீர்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். இந்த வகை இன்ஜின்களில் திறக்கும் அழுத்தம் 200 பாரை ஒட்டி வரும். உங்கள் இன்ஜின் நம்பருக்கு உரியதை மேனுவலில் பார்த்து நான்கையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம் ஒழுகல். திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே நிறுத்திப் பத்து வினாடி பிடித்தால் நுனியில் சொட்டு விழக் கூடாது. நாசில் போடும் சொட்டு சூட்டில் எரிந்து தொலைந்துவிடும். குளிரில் அதே சொட்டு வெள்ளைப் புகையாகப் போகும். நான்கு துளை நாசிலில் ஒரு துளை கரி அடைத்து மூன்று கீற்று மட்டும் வந்தாலும் இதே கதைதான்.

டேப்பெட், கம்ப்ரஷன், டைமிங்

டேப்பெட் இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுதாக உட்காராது. இருக்கும் கொஞ்சச் சூடும் வால்வு வழியே ஓடிவிடும். இன்ஜின் ஆறியிருக்கும்போது, மேனுவலில் சொன்ன இடைவெளிக்கு ஃபீலர் கேஜ் வைத்து அமைக்க வேண்டும். காது வைத்துக் கேட்டு அமைப்பது வேண்டாம். எரியும் வரிசை 1-3-4-2. 4-ம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கத் தொடங்கும் நேரத்தில் 1-ஐ அமைக்கலாம். அப்படியே 2 ஆடும்போது 3, 1 ஆடும்போது 4, 3 ஆடும்போது 2.

கம்ப்ரஷன் பார்க்க இன்ஜெக்டர் இடத்தில் பொருந்தும் டீசல் கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜ் வெடித்துவிடும். நல்ல இன்ஜினில் சேலத்தில் 28 பார் பக்கம் காட்டினால் மேலே அதுவே 24 காட்டும். ஏற்காட்டில் அளந்த எண்ணைச் சமவெளி அளவோடு ஒப்பிட்டு போர் வேலை (சிலிண்டர் கடைவது) எழுதிக்கொடுத்துவிடுவார்கள். எங்கே அளந்தது என்று கேளுங்கள். மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அதிகம் பேசும். 3 பாருக்கு மேல் ஒன்று மட்டும் தாழ்ந்தால் கவனிக்க வேண்டும். தாழ்ந்த சிலிண்டரில் ஆயில் விட்டு மறுபடி அளந்து, ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்று பார்ப்பது உண்டு. ஆனால் டீசலில் ஒரு ஸ்பூனுக்கு மேல் ஊற்றக் கூடாது. ஒரு சிலிண்டர் 739 சி.சி.; பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 46 சி.சி.தான். அதை ஆயில் நிறைத்துவிட்டால் கனெக்டிங் ராடு வளையும்.

டைமிங் பின்தங்கினாலும் அறிகுறி இதேதான்: குளிரில் வெள்ளைப் புகை, நீண்ட செல்ஃப். கூடவே சூடான பிறகும் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இழுக்கத் திணறும். இழுவை முன்போலவே இருந்தால் டைமிங்கைத் தொட வேண்டாம். இல்லையென்றால் பம்ப் கப்ளிங் போல்ட் நழுவியிருக்கிறதா, பிளேட் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, ஸ்பில் முறையில் (பம்பிலிருந்து டீசல் வழிவது நிற்கும் இடத்தைப் பார்ப்பது) டிகிரி சரிபார்க்கச் சொல்லுங்கள். பம்பைச் சற்றுத் திருப்பிவிட்டுச் சத்தம் கேட்டுப் பார்ப்பதில் ஒன்றும் நிற்காது.

மூன்று சின்ன விஷயங்கள் இருக்கின்றன. பல வண்டிகளில் தெர்மோஸ்டாட் வால்வே இருப்பதில்லை. சேலம் வெயிலில் சூடேறுகிறது என்று எப்போதோ எடுத்துப் போட்டிருப்பார்கள். அது இல்லாமல் ஏற்காட்டில் இன்ஜின் ஓடும் சூட்டுக்கு வரவே வராது; பத்து நிமிடக் குலுங்கல் இருபது நிமிடமாகும், ரிங்கும் வேகமாகத் தேயும். ஸ்டார்ட் ஆன ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டர் மேல் ஹோஸ் வெதுவெதுப்பானால் வால்வு இல்லை, அல்லது திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது. எக்சாஸ்ட் பிரேக் பொருத்திய வண்டி என்றால் அந்தப் பட்டாம்பூச்சி வால்வு கரி பிடித்துப் பாதி மூடியபடி நிற்கிறதா என்று லீவரை ஆட்டிப் பாருங்கள். மலை இறங்கிப் பழகிய வண்டிகளில் இது நடக்கும். அப்புறம் இன்ஜின் மவுண்டிங் ரப்பர். அது நசுங்கிப்போனால் நான்கு சிலிண்டரும் ஒழுங்காக எரிந்தாலும் கேபின் குலுங்கத்தான் செய்யும்.

ஐடில் ஏறி இறங்கினால் அது வேறு நோய். குலுங்குவது சிலிண்டர் எரியாததால். உம்ம்-உம்ம் என்று வேகம் தானாக ஏறி இறங்குவது காற்றாலோ, ராக் இறுகியதாலோ, கவர்னர் இணைப்புகள் தேய்ந்ததாலோ. இரண்டுக்கும் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டிவிடுவதுதான் ரோட்டோர வைத்தியம். குலுங்கல் மறையும், காரணம் அப்படியே இருக்கும். இறக்கத்தில் காலை எடுத்தாலும் வண்டி தள்ளும். ஐடில் ஸ்க்ரூ மேனுவலில் சொன்ன இடத்திலேயே, இன்ஜின் சூடான பிறகு, 600–700 சுற்றுக்குள் நிற்கட்டும். ஈய முத்திரை வைத்த ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. குளிர்காலையில் டேஷ்போர்டு ஹேண்ட் த்ராட்டிலை இழுத்து 900-ல் இரண்டு மூன்று நிமிடம் விட்டால் போதும். அரை மணி நேரம் ஐடிலில் காய வைப்பதும் கெடுதல். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். மெதுவாக ஓட்டிச் சூடேற்றுங்கள். ஆனால் நேராக மலை இறங்கக் கூடாது. இறக்கத்தில் கால் எடுத்த நிலையில் பம்ப் டீசலை வெட்டிவிடுவதால் அடிவாரம் வரும் வரை இன்ஜின் ஆறியேதான் இருக்கும். ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு இறங்குங்கள்.

பிடிக்காத காலையில் சரிவில் உருட்டி கியரில் விட்டு எடுப்பது அங்கே பழக்கம். வேக்யூம் பூஸ்டர் பிரேக் உள்ள வண்டியில் இன்ஜின் ஓடாவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். இருபது கொண்டை ஊசி உள்ள மலையில் அந்த விளையாட்டு வேண்டாம். ஏர் ஃபில்டர் வாயில் துணி கொளுத்திக் காட்டுவது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது இரண்டும் அப்படியே. ஸ்ப்ரே பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும், உடைவது ரிங்.

இவ்வளவும் பார்த்தும் ஒரு லைனில் மட்டும் டீசல் குறைவாகப் போகிறது என்று உறுதியானால் பம்பை இறக்கலாம். இந்த பம்பைச் செய்த மைக்கோ நிறுவனம் 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியும் பட்டறையில் இன்றைக்கும் மைக்கோ பம்ப்தான். அதற்கு டெஸ்ட் பெஞ்ச் வைத்த கடைகள் சேலத்திலும் சங்ககிரியிலும் இருக்கின்றன. கழற்றும் முன் பம்ப் ஃபிளாஞ்சிலும் இன்ஜினிலும் ஒரே கோடாக உளியால் கீறி வையுங்கள். முதலில் டெலிவரி வால்வை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் அதோடு முடிந்துவிடும். எலிமென்ட் (பிளஞ்சர், பேரல் ஜோடி) மாற்றினால் ஒன்றை மட்டும் மாற்ற விடாதீர்கள், நான்கும் ஒன்றாக. திருப்பி வாங்கும்போது பெஞ்சில் அளந்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள்: ஐடில் வேகத்திலும் முழுச் சுமையிலும் நான்கு லைனுக்கும் தனித்தனியாக எத்தனை சி.சி. வந்தது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஐடில் வரிசையில் நான்கு எண்ணும் நெருங்கி நிற்காவிட்டால் பம்பை வண்டியில் ஏற்ற வேண்டாம்.